கேக்கில் ஒரு கல்லறை

"கடையில வாங்கின பெட்டி மாவுல கேக்கா? எங்க வீட்டு நாய்கூட மோந்து பாக்காது." பேத்தி ஹேலிக்கு வாங்கிய சூனியக்காரித் தொப்பியோடு மார்லீன் மகன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

மருமகள் கிரிஸ்டா நிமிரவில்லை. பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கான கேக்கின் மேல் சாக்லேட் பிஸ்கட்டை நொறுக்கி மண்ணாகப் பரப்பி, நீள பிஸ்கட்டுகளைக் கல்லறைக் கற்களாக நட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் க்ரீமில் ஒரு பெயர்.

"கட்டின புருஷன் பேரைக் கல்லறையில எழுதுறியே, வெளங்குமாடி?"

"உங்க பிள்ளைதான் அத்தை பெரிய கல்லறையா வேணும்னு கேட்டாரு."

மார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனையே புதைத்தவள் மாமியாரை விட்டுவைப்பாளா? சண்டைக்குத் தயாராகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தேடினாள். ஹேலி இருந்தாள், சம்பந்தியம்மா இருந்தாள், போன வாரம் பக்கத்தில் குடிவந்தவன்கூட இருந்தான்.

"என் பேரு எங்கடி?"

"சாயங்காலம் விருந்துக்குக் கூப்பிட்டவங்களுக்குத்தான் அத்தை கல்லறை. அவங்கவங்க பேர் போட்ட துண்டு அவங்கவங்களுக்கு."

தொப்பி மார்லீனின் கையில் கசங்கியது. அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

மேசையில் மிச்சமிருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து மருமகளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"எழுதுடி. என்னையும் புதை."