பதினோரு மணி விசாரணை

போலீஸ் ஜீப்பிலிருந்து யூனியன் சேர்மன் வைரக்கண்ணு இறங்கியதை லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்த சாமிதுரைக்கு உச்சி மயிர்வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆளுங்கட்சிக்காரர். போலீஸ் ஜீப்பும் அவருக்குச் சொந்த வில்வண்டி மாதிரிதான்.

சாமிதுரை உள்ளே வந்து இன்றோடு ஐந்து நாள். திருடினானா, யாரையாவது அடித்தானா? ஒன்றுமில்லை. சேர்மனிடம் குத்தகைக்கு எடுத்துப் பன்னிரண்டு வருஷமாக உழுகிற நாலு மா நிலத்துக்கு, குத்தகைதாரன் என்று தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தான். அதுதான் அவன் செய்த மகா பாதகம்!

அந்த மனுவின் விசாரணை இன்றைக்கு, திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு. ஆள் போய் நிற்காவிட்டால் மனு தள்ளுபடி. நிலமும் போச்சு, அதில் முற்றித் தலைசாய்ந்து நிற்கிற சம்பாவும் போச்சு.

அவன்மேல் கேஸ் எழுதவில்லை, கோர்ட்டுக்கும் கொண்டுபோகவில்லை. சோறு கொண்டுவந்த பெண்டாட்டி ராமாயியை வாசலோடு விரட்டிவிட்டார்கள். வெளியுலகச் சேதி ஒரு சொல் அவன் காதில் விழவில்லை. உள்ளே தள்ளிய அன்றைக்கே, தூக்கு மாட்டிக்கொள்வானாம் என்று தோளில் கிடந்த துண்டையும் உருவிக்கொண்டார்கள். தைக் குளிரில் வெற்றுடம்போடு கிடக்கிறான். சட்டம் என்று ஒன்று இருக்கிறதாமே, அது யார் வீட்டுக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கிறதோ!

இன்ஸ்பெக்டர் அறைக்குள் போன சேர்மன் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். ஏட்டு நாகநாதன் பின்னால் வர, நேராகக் கம்பியருகே வந்து நின்றார்.

சாமிதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தான். எந்நேரமும் அவர் தோளில் கிடக்கிற கட்சிக் கரைத் துண்டைக் காணோம். காலில் செருப்பும் இல்லை.

ஓகோ, வேஷமா? இவர் வீட்டு வாசலில் சாமிதுரையின் அப்பனும் பாட்டனும் இப்படித்தான் நின்றார்கள். தோள் துண்டை இறக்கி, வெறுங்காலோடு, வாய் பொத்தி. இன்றைக்கு அதே கோலத்தில் இவர் வந்து நின்றால் மனசு இளகி மனுவை வாபஸ் வாங்கிவிடுவான் என்று கணக்குப் போடுகிறார். புலி எதற்குப் பதுங்குகிறது என்று இவனுக்கா தெரியாது!

"என்னங்க சேர்மன், துண்டை இறக்கிட்டு வந்தா நான் கையெழுத்துப் போட்டுடுவேன்னு நெனப்பா?"

வைரக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பன்னண்டு வருஷம். ஒரு போகம் குத்தகை நெல்லு பாக்கி வச்சிருப்பேனா? வெள்ளத்துல அழுகின வருஷம்கூட என் புள்ளைங்க வயித்தக் காயப்போட்டு உங்க களத்துல கொண்டாந்து கொட்டினேனே! அதுக்குக் கூலியா இது?"

"சாமிதுரை... இப்ப எதுவும் பேசாதப்பா" என்றார் அவர், கம்மிய குரலில்.

அப்பாவாம்! பிறந்ததிலிருந்து 'டேய்' தவிர இன்னொன்று கேட்டறியாத காதுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எழுந்து வந்து கம்பியைப் பிடித்தான்.

"பேசுவேன். உழுதவனுக்கு நிலம்னு மேடைக்கு மேடை முழங்கினது யாரு? நீதானே?" மரியாதை தானாகக் கழன்று விழுந்தது. "உன் பேச்சக் கேட்டுத்தான்யா நானும் என் பொண்டாட்டியும் வரிசையில நின்னு ஓட்டுப் போட்டோம். அந்த ஓட்ட வச்சுக்கிட்டு என்னையே புடிச்சு உள்ள போடுற. வெக்கமா இல்ல?"

"தப்புதான்."

"தப்புன்னா கதவத் தொறக்கச் சொல்லு! மணி பத்தரையாவப் போவுது. சைக்கிள்ல மிதிச்சா இப்பக்கூடப் போயிடுவேன்."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்கப்பா."

சாமிதுரைக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "யாரு, நீ சொல்லியா? இந்த ஸ்டேஷன்ல கோழி திருட்டுக் கேஸுகூட உன்னையக் கேட்டுத்தான் எழுதுறாங்க. யாருகிட்டய்யா கதை வுடுற?"

வைரக்கண்ணு திரும்பி ஏட்டைப் பார்த்தார். ஏட்டு நாகநாதன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

பூட்டு திறந்தது. சாமிதுரை ஜெயித்துவிட்டான்! ஐந்து நாள் பட்டினிக்கும் பூட்ஸ் உதைக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. அவர் மூஞ்சியில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. நாலு மா நிலம் தாலுகா ஆபீஸில் இவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

அவிழ்ந்திருந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். ஏட்டின் கை அவன் நெஞ்சில் பட்டு அப்படியே உள்ளே தள்ளியது.

"நீ எங்கடா கிளம்பிட்ட? ஆட்சியக் கலைச்சு ரெண்டு நாளாச்சு, இவர உள்ள விடத்தான் தொறந்தேன்!"