கிடைத்துவிட்டார்

"எங்க இருக்கா?" என்று கேட்டார் வாசலில் நின்றவர்.

கையை நீட்டிப் போனைக் காட்டினார். கீறல் விழுந்த திரையில் இன்ஷாவே எழுதிய வாசகம் இருந்தது.

'ஜோதி கிடைத்துவிட்டார். ஸ்ரீரங்கம் உதவி மையத்துக்கு வந்து அழைத்துச் செல்லவும்.'



வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வெளியே தெருவில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் தவறிப்போகிறவர்களைத் தேடித் தரும் தன்னார்வலர்கள் உத்திர வீதியில் ஒரு கூடத்தை எடுத்து மையம் நடத்தினார்கள். அவர்களுக்காக இன்ஷா நோட் ஜேஎஸ் என்ற மென்பொருள் தளத்தில் சர்வீஸ் என்கிற ஒரு சின்ன நிரலை எழுதியிருந்தாள். பாலக்கரையிலிருந்து வேலைக்கு வந்துபோகும் அவள், தனியாக முழுதும் செய்த முதல் வேலை அது.

அந்த சர்வீஸுக்கு ஒரே ஒரு காரியம்தான் தெரியும். காணாமல் போனவரின் பெயருக்கு எதிரே 'கிடைத்தார்' என்று மாற்றினால், வீட்டாரின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும்.

காலையில்தான் எல்லோருக்கும் அதைச் செய்து காட்டினாள்.

கற்பனைப் பெயர்களை யோசித்து எழுதச் சோம்பல்பட்டு, போன வருடம் ஏகாதசிக் கூட்டத்தில் தவறிப்போனவர்களின் பெயர்களையும் எண்களையுமே சோதனைக்கு ஏற்றியிருந்தாள். செய்தி யாருக்கும் போகாமல் தன் போனுக்கே வரும்படி நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தாள். முந்தின நாள் வேறு எதையோ சரிபார்க்கும்போது அந்த வரியை எடுத்துவிட்டாள்.

திரும்பச் சேர்க்கவில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணில் பட்ட ஒரு பெயரை மாற்றினாள். மேஜைமேல் இருந்த அவள் போன் சத்தமே போடவில்லை. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. பக்கத்தில் இருந்த எண் அவளுடையது அல்ல.

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"டவர் கொஞ்சம் வீக்கா இருக்கு" என்று சிரித்தாள். அவளுடைய மேலாளர் ஸ்டீபன்ராஜ் கவனிப்பதற்குள் அந்த வரியைச் சேர்த்து, இன்னொரு பெயரை மாற்றிக் காட்டினாள். இந்தத் தடவை போன் ஒலித்தது. கைதட்டினார்கள். ஸ்டீபன்ராஜ் எல்லோருக்கும் காபி சொன்னார்.

அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். காபி குடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்தாள். கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள். அப்புறம், இந்தக் காலத்தில் எஸ்எம்எஸ்ஸை எல்லாம் யார் திறந்து பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அந்தச் சமாதானம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அவர் வந்து நிற்கிறார்.

பெயர் பிச்சை என்றார். ஜோதி அவர் மனைவி. மணப்பாறையில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி வந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பைக்குள் இட்லிப் பொட்டலம்.

"பசியோட இருப்பாளேன்னு வாங்கினேன்."

"உக்காருங்கய்யா" என்றாள் இன்ஷா.

அவர் உட்காரவில்லை. அவளைத் தாண்டி உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது வந்து... சிஸ்டம் தப்பா அனுப்பிருச்சு. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் நீட்டியிருந்த கையை மெல்ல இறக்கினார்.

"மெஷின்தானே, அதுக்கென்ன தெரியும்? நீங்க வருத்தப்படாதீங்க பாப்பா."

திட்டியிருந்தால் பரவாயில்லை. இதை அவளால் தாங்க முடியவில்லை.

"மெஷின் இல்லைங்கய்யா. நான்தான். சோதிச்சுப் பார்க்கும்போது உங்களுக்கு வந்துடுச்சு. தப்பாப் போயிடுச்சுன்னு எனக்குக் காலையிலயே தெரியும். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல."

ஸ்டீபன்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிச்சை இப்போதுதான் உட்கார்ந்தார். பையைத் தரையில் வைத்தார்.

"தை மாசம் கொள்ளிடத்துல ஒரு உடம்பு ஒதுங்கிச்சு" என்றார் பிறகு. "அடையாளம் காட்டக் கூப்பிட்டாங்க. முகம் ஒண்ணும் தெரியல. சேலையை வச்சு, அவதான்னு நான்தான் சொன்னேன். காரியமெல்லாம் பண்ணி முடிச்சாச்சு."

மையத்துக்கு வந்து பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அந்தப் பெயர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று இன்ஷாவும் யாரையும் கேட்டதில்லை.

"இன்னைக்கு இதைப் பார்த்ததும், அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் போலன்னு நெனச்சேன் பாப்பா. வேற யாரையோ எரிச்சுட்டேன்னு. பஸ்ஸுல அவ்வளவு சந்தோஷமா வந்தேன்."

அவர் கையில் போன் அதிர்ந்தது. பார்த்தார். எடுக்கவில்லை.

"என் பொண்ணு. அம்மா படத்துல இருக்கிற மாலையைக் கழட்டச் சொல்லிட்டு வந்தேன்" என்று போனை இன்ஷாவிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

வாங்காமல் இருக்க அவளுக்கு எந்த நியாயமும் இல்லை. வாங்கினாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு காதில் வைத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள், மூச்சிரைக்க ஒரு குரல் முந்திக்கொண்டது.

"அப்பா, அம்மாகிட்ட குடுங்கப்பா."