பதினேழாம் எண் தாய்

“பொய்! பச்சைப் பொய்!”

பேராசிரியர் திஹோமிர் மேசையைத் தட்டிய தட்டில் காபிக் கோப்பைகள் ஆடின.

எதிரே இருந்த ஆய்வாளர் யஸ்னா பதறிப்போய்த் தன் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு புரொபசர்?”

“பதினேழாம் எண்! சிகரெட்டைத் தொட்டதே இல்லைன்னு சொல்லியிருக்கா. அவ நஞ்சுக்கொடியைப் பாரு. புகை பட்டாதான் முழிச்சுக்கிற மரபணு, கல்யாண வீட்டுல கைகோத்துக் கோலோ நடனம் ஆடற மாதிரி ஆடுது!”

நிஷ் நகரத்தில் பிரசவமான பெண்கள் மனமுவந்து கொடுத்த நஞ்சுக்கொடிகளில் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பார்ப்பதுதான் இவர்கள் வேலை. தாயின் பெயர் இவர்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான். அந்த எண்ணைத் தாயிடமும் சொல்லி வைப்பார்கள்.

“விடுங்க புரொபசர். ஒருத்திதானே, கணக்குல சேர்க்காம விட்டுடலாம்.”

“விடறதா? குழந்தை ரெண்டு கிலோகூட இல்லாமப் பொறந்திருக்கு! ஒரு வருஷம் பேறுகால லீவுல போயிட்டு வந்ததும் உனக்கு எந்த அம்மாவைப் பார்த்தாலும் மனசு இளகிடுது.”

ஆத்திரம் தாங்காமல் திஹோமிர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

“நான் ஒண்ணும் யோக்கியன் இல்லைம்மா. என் நுரையீரலைப் பார்த்தா புகைபோக்கியே வெட்கப்படும். காலையில சிகரெட்டை விட்டேன்னா, மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது. புகை கெடுதல்னு மேடையில முழங்கிட்டு, இறங்கினதும் நெருப்புப் பெட்டி தேடற ஜென்மம். ஆனா ஒளிச்சேனா? பொய் சொன்னேனா?”

அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு எழுதி அவ பேரைக் கேளு. அம்மா பேச்சை நம்பாதீங்கன்னு குழந்தை டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.”

யஸ்னா அசையவில்லை. முகம் சிவந்திருந்தது.

“என்ன, எழுத மாட்டியா? சரி, நகரு.” அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

“வேண்டாம் புரொபசர். அவ பொய் சொல்லலை.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பதினேழாம் எண் நான்தான்.”

திஹோமிரின் விரல்கள் அப்படியே நின்றன. இவளா? ஒரு தடவை மரியாதைக்குச் சிகரெட்டை நீட்டியபோதுகூட வேண்டாம் என்று கும்பிடு போட்டவளாயிற்றே!

“நீ... நீ பிடிக்க மாட்டியேம்மா?”

“பிடிக்கலைதான். ஆனா பிரசவத்துக்குப் போற வரைக்கும் தினமும் இதே நாற்காலியிலதானே உட்கார்ந்திருந்தேன், உங்க எதிர்ல.”

அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவில் கை வைத்தாள்.

“குறுக்குக் காத்து வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு, நீங்கதானே புரொபசர் பார்த்துப் பார்த்து ஜன்னலைச் சாத்தி வெச்சீங்க?”