நூற்றுப் பன்னிரண்டாவது வண்டி

வண்டிக்குள் விரித்திருந்த கார்பெட்டை அவன் பாதிதான் தூக்கியிருந்தான். அதற்குள் தெரிந்துவிட்டது.

தரைத் தகட்டின் ஓரமாக, இரண்டு விரல் இடைவெளியில், வரிசையாக வெல்டிங் தையல். சாதா வண்டியில் இந்த இடம் வெறுமையாக இருக்கும். பந்தயத்தில் குலுங்கிப் பிரியாமலிருக்கக் கம்பெனியே போட்டது. ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். சீட் யாரும் மாற்றலாம். முழு வண்டியையும் பிரிக்காமல் இதை வெளியாள் யாரும் போட முடியாது.

ஒரிஜினல்.

மொத்தம் இருநூற்றைம்பது வண்டிகள்தான் செய்தார்கள். கதவு இடுக்கில் இருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டு.

சின்னச் சிவப்பு வண்டி. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு வீட்டின் ஷெட்டில் நின்றது. ஓட்டியவர் நாச்சிமுத்து. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். விற்பது அவர் மனைவி சுலோச்சனா.

அவன் கார்பெட்டை இறக்கினான்.

பின்னால் சபாபதி நின்றிருந்தார். வாங்க வந்தவர். காலையில் வரும் வழியிலேயே சொல்லிவிட்டார்.

“பெஞ்சமின், ஒரிஜினலா இருந்தா எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். அந்தம்மாகிட்ட டூப்ளிகேட்டுன்னு சொல்லிரு. இந்த வண்டி கெடச்சா ராலி டீம் ஆரம்பிக்கறேன். டீமுக்கு நீதான் சீஃப் மெக்கானிக்.”

அவன் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆறு வருடங்களாக வாடகைக் கார்களுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்கிறான். அதற்கு முன் ராலி வண்டிகளுக்கு இன்ஜின் கட்டியவன். வண்டி விஷயத்தில் பெஞ்சமின் சொன்னால் கோயமுத்தூரில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம்.

சுலோச்சனா காபியோடு வந்தாள்.

“பாத்துட்டீங்களா தம்பி? வண்டி சரிதானுங்களே?”

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

“ஸ்டிக்கரும் சீட்டும் மாத்தி ஒப்பேத்தியிருக்காங்கம்மா. சாதா வண்டிதான்.”

இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவனே நினைக்கவில்லை.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். வேறு ஆளை வைத்துப் பார்க்கிறேன் என்பாள். பேப்பரைக் கொண்டுவந்து காட்டுவாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான்.

அவள் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப அதும் பொய்யுங்களா.”

அவளே மேலே சொன்னாள்.

“எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பங்க. வண்டிய கம்பெனிக்கே நேர்ல வந்து வாங்கோணுமாம்னு சொல்லி வடக்க போனாரு. ஒம்பது நாளு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா போயிட்டாங்க. இவரு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ஊட்டில ஒருத்தி வீட்ல இருந்தாருன்னு எங்கண்ணன் அடிச்சுச் சொன்னாருங்க. நான் கேக்கறப்பல்லாம் இவரு இந்த வண்டியக் காட்டுவாரு. கம்பெனிக்குப் போகாம இத வேற எங்க வாங்க முடியும்பாரு.”

வண்டியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“பதினோரு வருசம் நம்பிட்டனுங்க.”

சபாபதி செருமினார். சாதா வண்டிக்கான விலையைச் சொன்னார். நாச்சிமுத்து அண்ணன் ஓட்டின வண்டி என்பதற்காகத்தான் எடுக்கிறேன் என்றார்.

“எடுத்துட்டுப் போயிருங்க” என்றாள் அவள். விலையைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

உள்ளே போய்ச் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் கொண்டுவந்தாள். ஃபைலை பெஞ்சமின் கையில் கொடுத்தாள்.

“இந்த இங்கிலீசுக் காயிதமெல்லாம் எனக்குப் படிக்கவும் தெரியாது. இனி எதுக்குங்க.”

மேலே இருந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. வண்டி எண் நூற்றுப் பன்னிரண்டு. தொழிற்சாலையில் நேரில் பெற்றுக்கொண்டேன். கீழே நாச்சிமுத்துவின் கோணல் கையெழுத்து. பதினோரு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மூன்று.

ஆடிப்பெருக்கு.

அவன் அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தான்.

ஃபைலை மூடினான்.

அவள் தூணருகே நின்றபடியே மகனுக்குப் போன் போட்டாள்.

“கண்ணு, வெள்ளிக்கிழமை அப்பா திதிக்குப் பேரூர் போறதா இருந்தமல்ல. வேண்டாம் சாமி. ஐயருகிட்டச் சொல்லிரு… ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வேண்டாம்னா வேண்டாம்.”

போனை அணைத்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு அவனிடம் திரும்பினாள்.

“நீங்களாச்சும் உண்மையச் சொன்னீங்க தம்பி.”

சபாபதி அவன் தோளைத் தட்டினார். தட்டியது அவள் பக்கம் தெரியாதபடி இருந்தது.

“நீயே ஓட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறி முன்னால் போனார்.

அவன் உள்ளே உட்கார்ந்தான். இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது. நல்ல சத்தம். இந்தச் சத்தத்துக்காக அவன் எதையும் செய்வான் என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

சபாபதியின் கார் போன காற்றில் கேட் பாதி சாத்திக்கொண்டது. அவள் செருப்பில்லாமல் நடந்து வந்து அதை அகலத் திறந்து பிடித்தாள்.

சபாபதி அதற்குள் ரோடு ஏறிவிட்டார். தோப்பில் அவனும் அவளும்தான்.

சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. ஃபைல் பக்கத்து சீட்டில் கிடந்தது.

கேட்டருகே வண்டியை நிறுத்தினான்.

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“முன்னால பள்ளம் கெடக்குதுங்க தம்பி. பாத்துப் போங்க.”

“சரிங்கம்மா” என்றான்.