மூடி சொல்லாதது

அலமாரியில் கிடந்த பழைய கேமராவில் மூன்று பேர் குடியிருந்தார்கள்: லென்ஸுக்கு மேலே தனியாக, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி, லென்ஸ் மூடி, உள்ளே பிலிம்.

"அமலோற்பவம் அன்னைக்கு புருஷன் படம் எடுக்கையில என்னமா சிரிச்சா!" என்று கண்ணாடி வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்தச் சிரிப்பு எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று பிலிம் இருட்டில் பூரித்துப்போகும். மூடி மட்டும் வாயே திறக்காது.

அமலோற்பவம் இறந்துபோனாள். இப்போது யாரும் கழுவித் தராத பழைய தினுசு பிலிம் அது. கழுவித் தருபவரைத் தேடி அவள் கணவர் ஊர் ஊராக அலைந்தார். கழுவிப் பார்த்தால் ஒரு உருவமும் இல்லை.

வீடு திரும்பிய பிலிமிடம் மூடி முனகியது: "படம் எடுக்கும்போது என்னைக் கழற்ற மறந்துட்டாரு. நீங்க சந்தோஷமா இருந்தீங்க, சொல்ல மனசு வரல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா," என்றது பிலிம், "அவ இன்னொரு தடவை சிரிச்சிருப்பாளே."