கையுறைக்குள் அடங்கிய கத்தி

வடதுருவத்தை ஒட்டிய இனாரி ஊர்ச் சந்தையில், மேசைமேல் பரப்பிய கத்திகளில் பனியின் நீல வெளிச்சம் படிகிறது. கலைமான் மேய்க்கும் முகாமுக்குக் கொண்டுபோகக் கத்தி எடுக்கிறாள், தெற்கிலிருந்து வந்த என் மருமகள் ரீக்கா. எங்கள் வீட்டுப் பெண் கத்தி எடுக்கத் தெரியாதவள் என்று ஊர் சிரித்துவிடக் கூடாது. நான் முதுகை நிமிர்த்தி நிற்கிறேன்.

"வெள்ளிப்பூண் போட்டதை எடுத்துக்க அம்மணி, பட்டணத்துக் கைக்கு அதுதான் எடுப்பா இருக்கும்" என்று கொல்லன் ஓவ்லா சிரிக்கிறான். அவள் கழற்றிய கம்பளிக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிடியாக இறுக்கிப் பார்க்கிறாள். பூர்ச்ச மரப்பிடி போட்ட, சாண் நீளக் கத்தியில் கை நிற்கிறது.

"குளிர்ல கையுறையோடதானே விறகு பிளக்கணும்? இது வழுக்கல."

ஓவ்லாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. மறைந்த என் மனைவி மாரெட்டும் இதே மேசையில் கையுறை மாட்டித்தான் பார்த்தாள்.

ரீக்கா கத்தியை மாட்டிக்கொள்ள, மேசையில் இடுப்புவார் தேடுகிறாள்.

"வார் வாங்காதம்மா," என்கிறேன். "உன் அத்தையோடது வீட்ல ஆணியில தொங்குது."