முன் சீட்டுக்கு அடியில்

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

காரை விட்டு இறங்கும்போதே கத்தினான் அவன். கார் ஆடியோ கடையில் அப்போது வேறொரு வாடிக்கையாளரும் நின்றிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் அந்தக் கத்தல்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன சார், மறுபடியுமா?"

"மறுபடியும்தான்! போன வாரம் சரி பண்ணீங்க. அதுக்கு முந்தின வாரமும் சரி பண்ணீங்க. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி ரெண்டு தெரு தாண்டல, ஆம்ப்ளிஃபையர் படுத்துடுச்சு."

பின் சீட்டில் அவனுடைய அம்மா காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். முடி கொட்டிப்போன தலையில் ஒரு மெல்லிய துண்டு. கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மாவை வாராவாரம் நான்தான் கூட்டிட்டு வரேன். இருக்கிற வேலையெல்லாம் போட்டுட்டு! அவங்க உள்ள போய் டாக்டரைப் பாத்துட்டு வர்ற வரைக்கும் கார்லயே காத்துக் கிடக்கிறேன். இந்தக் காலத்துல எந்தப் புள்ள செய்வான்? வழியில ரெண்டு பாட்டாவது கேட்போம்னா, அதுவும் உங்க புண்ணியத்துல இல்ல."

"தங்கமான புள்ள" என்றார் வாடிக்கையாளர், கேட்காமலே.

அதற்குள் அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே தெருமுனைக்கு நடந்தான். நடந்தவன் திரும்பி, காரைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனான்.

மெக்கானிக் முன் கதவைத் திறந்து மண்டியிட்டார். ஆம்ப்ளிஃபையர் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து கரண்ட் ஒழுங்காக வந்தது. எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்தார். அடித்தவர் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

பிறகு பின் சீட்டுப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அந்த அம்மா கண்ணைத் திறந்து மெதுவாகப் பதில் சொன்னாள்.

கடையின் மறுபக்கம் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மைத்துனனுக்கு அவர்கள் பேசியது கேட்கவில்லை. ஆனால் அடுத்து நடந்தது நன்றாகவே கேட்டது. காருக்குள் திடீரென்று பாட்டு அதிர்ந்தது. கதவெல்லாம் நடுங்கியது. உடனே நின்றது.

மெக்கானிக் ஒயர்களைக் கழற்றி ஆம்ப்ளிஃபையரை வெளியே எடுத்தார்.

போன் பேசி முடித்து வந்தவனிடம், முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னார்: "உள்ள போர்டே போயிடுச்சு சார். விட்டுட்டுப் போங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பாட்டு கிடையாது சார். ஸ்பீக்கர் எல்லாம் இது வழியாத்தான் பேசும்."

"சபாஷ்! இருந்ததையும் கெடுத்தாச்சா? என் ஆபீஸ்ல கார் வச்சிருக்கிற ஒருத்தன்கூட இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். பாத்துக்கிட்டே இருங்க."

"சரிங்க சார். பாத்து மெதுவா ஓட்டிட்டுப் போங்க."

கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு கிளம்பினான். கார் ஓசையில்லாமல் போயிற்று. நின்றிருந்த வாடிக்கையாளரும் ஸ்பீக்கர் வாங்குவதை வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

மைத்துனன் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். அக்கா புருஷன் என்ற மரியாதையில் இத்தனை நாள் எந்தப் பேச்சும் அவனுக்கு வாய்வரை வந்து நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.

"என் காதுல பூ சுத்தாதீங்க மாமா. பாட்டு அதிர்ந்துச்சு. நானே கேட்டேன்."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் கழட்டி வச்சீங்க? சீக்காளி அம்மாவை வச்சுக்கிட்டு அல்லாடுற மனுஷன்கிட்டயா இந்த வேலை? சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிறோம்? இப்ப நம்ம பேரு சந்தி சிரிக்கப் போகுது. என் அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

மெக்கானிக் ஆம்ப்ளிஃபையரை மேஜை மேல் வைத்தார்.  

"போன ரெண்டு தடவையும் ஃபியூஸ் தளர்ந்திருந்துச்சு மாப்ள. குலுங்கினதுல கழண்டிருக்கும்னு நினைச்சு அமுக்கி விட்டேன். இன்னிக்கு அது அந்த இடத்துலயே இல்ல. அந்த அம்மா கைக்குள்ள இருந்துச்சு."

"அவங்களா? அவங்க எதுக்கு எடுக்கணும்?"

"பாட்டு நின்னா மகன்கிட்ட நாலு வார்த்தை பேசலாம்னு பின் சீட்டுலேர்ந்து குனிஞ்சு உருவினாங்களாம். நின்னா அவன் நேரா நம்ம கடைக்கு வந்துடறான். இன்னிக்கு டாக்டர், 'இனிமே மருந்து வேண்டாம், வீட்டுலயே இருங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாராம். வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு அவன் கிளம்பறதுக்குள்ள அதைச் சொல்லணுமாம், மாப்ள."